டீமுன்னா ஒரு ஊரு வேணும்

போன வருஷம் நவம்பர் 2, ஞாயித்துக்கெழம, ஒரே நாள்ல ரெண்டு ஃபைனல். காலைல அஞ்சரைக்கு டொரண்டோவுல பேஸ்பால் ஃபைனலான வேர்ல்டு சீரிஸ் ஏழாவது கேம், டொரண்டோ ப்ளூ ஜேஸும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும். சாயங்காலம் நவி மும்பைல நம்ம பொண்ணுங்க சவுத் ஆப்பிரிக்காவோட கிரிக்கெட் வேர்ல்டு கப் ஃபைனல். நைனா காசிமேட்டுக்கு மீன் வாங்க கெளம்பும்போது டொரண்டோ 3-0ன்னு முன்னாடி இருந்துச்சு, அவரு சங்கராவை வாங்கி, பேரம் பேசி, சுத்தம் பண்ணி, வழில பாக்குறவங்ககிட்டல்லாம் நின்னு கதை பேசிட்டு வர்றதுக்குள்ள 4-3 ஆயி கடைசி இன்னிங்ஸான ஒம்போதாவது வந்துடுச்சு. டொரண்டோவுக்கு இன்னும் ரெண்டே அவுட்டு, எடுத்தா கப்பு. அப்போ டாட்ஜர்ஸ்ல மிகுவேல் ரோஹாஸ்னு 36 வயசு ஆளு, ஹோம் ரன்னுக்குன்னு பேரெடுத்தவரே கெடையாது, ஒண்ணு தூக்கி வெளிய அடிச்சு 4-4 ஆக்குனாரு பாருங்க, நான் போட்ட சத்தத்துல அம்மா கிச்சன்லேர்ந்து கரண்டியோட ஓடியாந்துட்டாங்க. அப்பால பதினொண்ணாவது இன்னிங்ஸ்ல வில் ஸ்மித் ஒரு ஹோம் ரன், 5-4, டாட்ஜர்ஸ் ஜெயிச்சாச்சு. "யாருடி ஜெயிச்சா, இந்தியாவா"ன்னு நைனா கேட்டாரு. அது சாயங்காலம் நைனான்னேன்.

சாயங்காலம் மழைனால ரெண்டு மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சு, ஷெஃபாலி 87 அடிச்சு, தீப்தி அஞ்சு விக்கெட் எடுத்து, 52 ரன்ல ஜெயிச்சு முடிக்கும்போது நடுராத்திரி. எங்க தெருவுல தீவாளி மிச்ச வெடியெல்லாம் அன்னிக்குத்தான் தீந்துச்சு.

இதுல என் பிரச்சன இன்னான்னா, நான் உசுரா பாக்குற வெளையாட்டு இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கினு நிக்குது. பேட்டு, பேஸு, கிளவுஸ் எல்லாம் காலைல பாத்த ஆட்டத்தோடது, ஆடுறவங்க சாயங்காலம் பாத்த மாதிரி பொண்ணுங்க. லேடீஸ் சாஃப்ட்பால். காலைல இருந்த காசும் இல்ல, சாயங்காலம் இருந்த கூட்டமும் இல்ல.

காலேஜ்ல ஆடுனேன், அதான் இந்த பைத்தியம். நம்ம ஊருல சாஃப்ட்பால்னா யாருக்கும் தெரியாதுன்னு நெனப்பாங்க, ஆனா ஸ்கூல் காலேஜ் பொண்ணுங்களுக்கு வருஷா வருஷம் டோர்னமெண்ட் நடந்துக்கினுதான் இருக்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கு அது ஒரு வழி. எங்க காலேஜ்ல கிரவுண்டு காலைலயும் சாயங்காலமும் கிரிக்கெட்டுக்கும் ஃபுட்பாலுக்கும், எங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணி வெயிலு. பெரியமேட்டு கடைங்கள்ல போயி கிளவுஸ் கேட்டா கீப்பிங் கிளவுஸ் எடுத்து காட்டுவாங்க, அது இல்லண்ணா, ஒரு கைக்கு மட்டும் பெருசா இருக்குமே அதுன்னு சொன்னப்புறம் பரண்லேர்ந்து தூசி தட்டி ஒண்ணு வரும். அது எந்தக் கைல மாட்டுறதுன்னு கடக்காரருக்கே டவுட்டு. வலது கைல எறியிறவங்க இடது கைல மாட்டணும், பிடிக்கிற கை வேற எறியிற கை வேற, அவ்ளோதான்.

சரி, "பால் பெருசு, கீழ்க்கைல போடுறாங்க, பேஸ்பாலை லேடீஸுக்காக ஈஸி ஆக்குனதுதான இது"ன்னு ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. ஷிப்பிங் ஆபீஸு, அமெரிக்கா கிளையண்ட்டுங்களோட பேசிப்பேசி அங்க ரெண்டு பேருக்கு பேஸ்பால் பழகிப்போச்சு, அந்த ரெண்டுல இவரு ஒருத்தரு. அவருக்கு அங்கயே பதில் சொல்லிட்டேன், இருந்தாலும் இங்க நிதானமா சொல்றேன்.

பால் பெருசுதான். சுத்தளவு 12 இன்ச்சு, பேஸ்பாலு 9 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. ஆனா தூரத்தைப் பாருங்க. பேஸ்பால்ல பால் போடுற பிட்ச்சர் நிக்கிற எடத்துலேர்ந்து பேட்டர் வரைக்கும் 60 அடி 6 இன்ச்சு. சாஃப்ட்பால்ல 43 அடி. என் அக்கா பொண்ணு இப்போ ஸ்கூல் டீம்ல பிட்ச்சரு, அவளுக்காக டேப்பு வெச்சு தெருவுல அளந்தோம்: எங்க வீட்டு படிலேர்ந்து இஸ்திரி வண்டி வரைக்கும் வந்தாலே 43 அடி முடிஞ்சுபோச்சு. 60 அடின்னா அதையும் தாண்டி டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட போவணும். இப்போ நல்ல ப்ரொஃபஷனல் பிட்ச்சர் போடுற ஸ்பீடு மணிக்கு 110 கிலோமீட்டரு. பேஸ்பால்ல 160 போடுறான், அதான் பெருசுன்னு தோணும். ஆனா சாஃப்ட்பால் பிட்ச்சர் பாலை விடும்போது ஏற்கனவே ஒரு ஆறடி முன்னாடி வந்திருப்பா, மிச்சம் இருக்குறது 37 அடி, கணக்கு போட்டா பேட்டர் கைல இருக்குற நேரம் ரெண்டு ஆட்டத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அரை செகண்டு கூட கெடையாது. மோனிகா அபாட்னு ஒரு சாஃப்ட்பால் பிட்ச்சர் 2012ல 77 மைல் போட்டுச்சு, அதாவது 124 கிலோமீட்டர். இஸ்திரி வண்டி கிட்டேர்ந்து. யோசிச்சுக்கோங்க.

நம்பலைன்னா பேஸ்பால் ஆளுங்களே வந்து நின்னு பாத்த கதை இருக்கு. 1961ல கனெக்டிகட்டுல வாட்டர்பரின்னு ஒரு ஊரு, டெட் வில்லியம்ஸ் அப்பத்தான் ரிட்டயர்ட் ஆயிருக்காரு, பேஸ்பால் வரலாத்துலயே அவரை மாதிரி கண்ணு யாருக்கும் கெடையாதும்பாங்க. அவருக்கு எதிர்ல ஜோன் ஜாய்ஸுன்னு உள்ளூரு சாஃப்ட்பால் பிட்ச்சர் பொண்ணு. ஏதோ ஒண்ணு ரெண்டு பேட்டுல உரசுச்சு, மத்ததெல்லாம் காத்துதான், கடைசில பேட்டை போட்டுட்டு போயிட்டாரு. (இந்த ஜோன் ஜாய்ஸ் அதுக்கப்புறம் ப்ரொஃபஷனல் கோல்ஃபும் ஆடுச்சு, 1982ல ஒரு முழு ரவுண்டை 17 புட்டுல முடிச்சு அதுலயும் ரெக்கார்டு. சில பேருக்கு எல்லாமே வரும், நமக்கு வயித்தெரிச்சல்.) 2004ல ஜென்னி ஃபின்ச்சுன்னு சாஃப்ட்பால் பிட்ச்சர், பேஸ்பால் ஸ்டாரு ஆல்பர்ட் பூஹோல்ஸை அடிக்கவே விடாம ஸ்ட்ரைக் அவுட் பண்ணுச்சு, மைக் பியாஸாவையும் பண்ணுச்சு. கோடி கோடியா சம்பளம் வாங்குற ஆளுங்க, நின்ன எடத்துலயே நின்னாங்க.

அவங்க திறமை கொறச்சல்னு அர்த்தம் இல்ல. அரை செகண்டுக்குள்ள யாராலயும் பாலை "பாத்து" அடிக்க முடியாது. தோளு எப்படி திரும்புது, மணிக்கட்டு எங்க இருக்கு, விரல்ல இருந்து எப்படி கெளம்புது, இதையெல்லாம் வருஷக்கணக்கா பாத்துப்பாத்து பால் எங்க வரும்னு ஒடம்பு முன்னாடியே முடிவு பண்ணிடும். அந்த அகராதி மேலேர்ந்து வர்ற கைக்கு எழுதுனது. இங்க கை ஒரு முழு வட்டம் அடிச்சு இடுப்புக்கிட்டேர்ந்து பாலை விடுது. அதுலயும் ரைஸ் பால்னு ஒண்ணு இருக்கு, பின்பக்கமா சுத்திக்கினு வரும். உண்மைல அது மேல ஏறுறது இல்ல, கண்ணு எதிர்பாக்குற அளவுக்கு எறங்காம வருது, அவ்ளோதான்னு பிசிக்ஸ் சொல்லுது. ஆனா எதிர்ல நின்னு ஆடுனவ நானு, ஏறுச்சுன்னு எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்.

அந்த வட்டத்தை கிட்டத்துல பாத்திருக்கீங்களா? கை மேலேர்ந்து கீழ வரும்போது முன்னங்கையோட உள்பக்கம் இடுப்புல உரசும். உரசுனாத்தான் மேல்கை நிக்கும், மேல்கை நின்னாத்தான் மணிக்கட்டு சொடுக்கும், ஸ்பீடு வர்றதே அந்த சொடுக்குலதான். நல்லா ப்ராக்டிஸ் பண்ற பொண்ணு கைய திருப்பி பாத்தா தெரிஞ்சிடும், முழங்கைக்கு கீழ செவந்து கன்னிப்போயி இருக்கும். அக்கா பொண்ணுக்கு மொதோ தடவ அப்படி ஆனப்போ ஸ்கூல்ல யாரோ அடிச்சிட்டாங்கன்னு எங்க அம்மா சண்டைக்கே கெளம்பிட்டாங்க. "பாட்டி, இது நானே போட்டுக்குனது"ன்னு அது சொல்ல, அம்மாக்கு இன்னும் கோவம். தேங்கா எண்ண தடவிக்கினே அரமணி நேரம் திட்டு.

கீழ்க்கைல போட்டா தோளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு கட்டுக்கதை வேற உண்டு. அதை நம்பித்தான் பிட்ச்சருங்களை மாடா உழைக்க வெக்கிறாங்க. இங்கதான் எனக்கு ஒரு ஆத்தாமை. போன வேர்ல்டு சீரிஸ்ல டாட்ஜர்ஸோட ஜப்பான்காரர் யமமோட்டோ, ஆறாவது கேம்ல 96 பால் போட்டுட்டு, மறுநாளே ஏழாவது கேம்ல வந்து இன்னும் 34 பால் போட்டு முடிச்சு குடுத்தாரு. ரெண்டு நாள்ல 130. உலகமே எந்திரிச்சு கை தட்டுச்சு, நானும்தான், தட்ட வேண்டிய விஷயம்தான். ஆனா அதே ஜப்பான்ல யூகிக்கோ உவேனோன்னு சாஃப்ட்பால் பிட்ச்சர் ஒரு அம்மா இருக்காங்க. 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ், ஆகஸ்ட் 20 அன்னிக்கு காலைல அமெரிக்காவோட ஒம்போது இன்னிங்ஸ் போட்டு தோத்தாங்க, அதே நாள் ஆஸ்திரேலியாவோட 12 இன்னிங்ஸ் போட்டு ஜெயிச்சு ஃபைனலுக்கு போனாங்க, மறுநாள் ஃபைனல்ல மறுபடியும் அமெரிக்கா, ஏழு இன்னிங்ஸும் அவங்களே, 3-1 ஜெயிச்சு கோல்டு. ரெண்டு நாள்ல 413 பாலு. நானூத்தி பதிமூணு! 1996லேர்ந்து மூணு ஒலிம்பிக்ஸா கோல்டை வேற யாருக்கும் விடாத அமெரிக்கா அன்னிக்குத்தான் மொதோ தடவ கோல்டை விட்டுச்சு.

அதுக்கப்புறம் ஒலிம்பிக்ஸ்லேர்ந்தே சாஃப்ட்பாலை தூக்கிட்டாங்க. லண்டன்ல இல்ல, ரியோல இல்ல. திரும்ப வந்தது டோக்கியோல, 2021ல. 13 வருஷம் கழிச்சு ஃபைனல்ல அதே அமெரிக்கா, அதே ஜப்பான், ஜப்பானுக்கு மொதோ பாலை போட்டது யாரு? 39 வயசு உவேனோ. யோகோஹாமா ஸ்டேடியத்துல கொரோனானால ஒரு ஈ காக்கா இல்ல. அந்த மேட்ச்ல ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு கேட்ச், எத்தன தடவ பாத்தாலும் எனக்கு சலிக்கல. ஜப்பான் 2-0 லீடிங், அமெரிக்காவுக்கு பேஸ்ல ஆளு நிக்குது, அமாண்டா சிடெஸ்டர் நேரா மூணாவது பேஸ் பக்கம் ஓங்கி ஒண்ணு விட்டுச்சு. மூணாவது பேஸ்ல நின்ன யூ யமமோட்டோ கைல பட்டு பாலு தெறிச்சுது. தெறிச்ச பாலு கீழ விழறதுக்கு முன்னாடி ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி பாஞ்சு புடிச்சு, புடிச்ச வேகத்துல ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்சு, அங்க எடத்த வுட்டு நவுந்து நின்ன ஆளையும் அவுட்டாக்கிட்டா. ஒரே பால்ல ரெண்டு அவுட்டு. அந்தம்மா பாலு போற தெசைல ஓடவே இல்ல, தெறிச்சு வரப்போற தெசைல ஏற்கனவே நின்னுச்சு, அதான் எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியாத விஷயம். நடுவுல வெளிய போயிருந்த உவேனோ கடைசி இன்னிங்ஸுக்கு திரும்ப வந்து முடிச்சாங்க, ஆரம்பத்துல எறங்குன ஆளு வெளிய போயிட்டு ஒரு தடவ திரும்ப வரலாம்னு சாஃப்ட்பால்ல ரூல் இருக்கு, பேஸ்பால்ல போனா போனதுதான்.

அப்படி ஒரு ஆட்டம் ஆடிட்டு அடுத்த ஒலிம்பிக்ஸ்ல மறுபடியும் இல்ல. பாரிஸ் 2024ல காணோம். இனி லாஸ் ஏஞ்சல்ஸ் 2028, அதுலயும் சாஃப்ட்பால் மேட்ச்சுங்க நடக்கப்போறது ஓக்லஹோமா சிட்டில, அங்கதான் பெரிய சாஃப்ட்பால் ஸ்டேடியம் இருக்காம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸு, ஆனா ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. வாடகைக்கு வீடு கேட்டு போற மாதிரியே இருக்கு எனக்கு.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல பொண்ணுங்க சாஃப்ட்பாலுக்கு ப்ரொஃபஷனல் லீக் இல்லாம இல்ல, வந்து வந்து மூடுனதுதான் கதை. 1976ல ஒண்ணு, ஜோன் ஜாய்ஸும் டென்னிஸ் பில்லி ஜீன் கிங்கும் சேந்து ஆரம்பிச்சது, 1979ல காலி. 1997ல ஒண்ணு. 2004ல நேஷனல் ப்ரோ ஃபாஸ்ட்பிட்ச், அது கொரோனா வரைக்கும் ஓடுச்சு. ஓடுச்சுன்னா, டீமு வரும், ரெண்டு வருஷத்துல ஊரு மாறும், பேரு மாறும், இல்லன்னா டீமே இருக்காது. மேல சொன்ன மோனிகா அபாட் 2016ல டெக்ஸாஸ் டீமோட ஆறு வருஷத்துக்கு 10 லட்சம் டாலருன்னு கையெழுத்து போட்டுச்சு, பேப்பர்லல்லாம் பெருசா வந்துச்சு, உள்ள பாத்தா முக்காவாசி கூட்டம் வந்தா குடுக்குற போனஸு. அதே வேலைய பேஸ்பால்ல பாத்தா? போன வருஷம் மேஜர் லீக்ல ஆகக் கொறஞ்ச சம்பளமே ஒரு வருஷத்துக்கு 7 லட்சத்து 60 ஆயிரம் டாலரு. பெஞ்சுல குந்திக்கினு சூரியகாந்தி வெதை துப்புறவருக்கும் அதான். டாட்ஜர்ஸ் ஓடானியோட 70 கோடி டாலர் ஒப்பந்தத்தை நான் இங்க இழுக்கவே இல்ல, இழுத்தா பிபி ஏறும்.

இன்னும் கூத்து, இப்போ காலேஜ்லதான் காசு. 2024ல நிஜேரி கனடின்னு ஒரு பிட்ச்சரு ஸ்டான்ஃபோர்டு காலேஜ்லேர்ந்து டெக்ஸாஸ் டெக்குக்கு மாறுச்சு, ஒரே வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல. காலேஜ் சாஃப்ட்பாலுக்கு மட்டும் எப்படி அங்க கூட்டம் அம்முதுன்னா, ஊருங்க. ஓக்லஹோமான்னா ஓக்லஹோமா, 2021லேர்ந்து வரிசையா நாலு வருஷம் கப்பு, அந்த ஊருகாரனுக்கு அது அவன் டீமு. அந்தப் பொண்ணுங்க படிச்சு முடிச்சு ப்ரோவுக்கு போனா, எந்த ஊருக்கும் சொந்தம் இல்லாத டீமுல போயி நிக்கணும்.

2025ல அத்லெட்ஸ் அன்லிமிடெட்னு ஒரு கம்பெனி புதுசா சாஃப்ட்பால் லீக் ஆரம்பிச்சாங்க, ஏயூஎஸ்எல்னு சொல்றது. நல்லா பண்ணாங்க, நான் கொறை சொல்லல. கமிஷனரு கிம் எங், 2020ல மயாமி மார்லின்ஸுக்கு ஜெனரல் மேனேஜர் ஆனவங்க, மேஜர் லீக்ல அந்த சீட்டுல உக்காந்த மொதோ பொம்பள, காலேஜ்ல அவங்களும் சாஃப்ட்பால் ஆடுனவங்க. மேஜர் லீக் பேஸ்பாலே காசு போட்டுச்சு. நாலு டீமு: பேண்டிட்ஸ், ப்ளேஸ், டாலன்ஸ், வோல்ட்ஸ். டாலன்ஸ் ஃபைனல்ல பேண்டிட்ஸை ரெண்டு மேட்ச்சுலயும் ஜெயிச்சு கப்பு வாங்குச்சு. ஆனா பேரைப் பாத்தீங்களா, ஒண்ணுலயாவது ஊரு இருக்கா? அந்த சீசன் பூரா சர்க்கஸ் கம்பெனி மாதிரி ஊரு ஊரா போயி ஆடுனாங்க. இந்த வாரம் இங்க, அடுத்த வாரம் அங்க. வந்த எடத்துல கூட்டம் வருது, பாக்குது, கை தட்டுது, அப்பால? யாரை வெறுக்குறதுன்னு தெரியலையே! எதிர் டீமை திட்டாம எப்படி மேட்ச் பாக்குறது?

நாங்கல்லாம் வடசென்னை. வியாசர்பாடில ஃபுட்பால்னா எந்தத் தெரு எந்த டீம்னு கேட்டுட்டுத்தான் மேட்சே பாப்பாங்க. கேரம் போர்டுக்கு கூட ஏரியா உண்டு, 2024ல புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவுல நடந்த கேரம் வேர்ல்டு கப்ல மூணு கோல்டு வாங்கிட்டு வந்தப்போ, கேரமே தெரியாதவன்லாம் "நம்ம பொண்ணு"ன்னு பேனர் வெச்சான். 2018ல காவிரி பிரச்சனைல சிஎஸ்கே மேட்ச்சை சேப்பாக்கத்துலேர்ந்து புனேவுக்கு மாத்துனாங்கள்ல, சென்ட்ரல்லேர்ந்து தனி ட்ரெயின்ல கெளம்பிப் போனானுங்க நம்ம ஆளுங்க. விசிலு ஊதிக்கினு புனே வரைக்கும். ஆட்டம் எங்க நடந்தா என்ன, சட்டைல ஊரு பேரு சென்னைன்னு இருந்துச்சு.

இது நம்ம ஊரு குணம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல பொண்ணுங்க லீக்லயே ரொம்ப நாள் நின்னதுல ஒண்ணு 1943லேர்ந்து 1954 வரைக்கும் ஓடுன ஆல் அமெரிக்கன் கேர்ள்ஸ் லீக். ஆம்பளைங்க யுத்தத்துக்கு போயிட்டாங்கன்னு ரிக்ளி சூயிங்கம் மொதலாளி ஆரம்பிச்சது. மொதல்ல சாஃப்ட்பால் மாதிரியே 12 இன்ச்சு பாலு, கீழ்க்கை வீச்சு, போகப்போக பாலை சின்னதாக்கி, கையை மேல தூக்கி, கடைசி வருஷம் முழு பேஸ்பாலாவே ஆயிடுச்சு. குட்டப் பாவாட யூனிஃபார்ம்ல பேஸுக்கு சறுக்கணும், தொடையெல்லாம் தோலு உரிஞ்சு போவும், அதோட மேக்கப்புக்கு தனி கிளாஸ் வேற. அந்தக் கொடுமைல்லாம் இருந்தும் 12 சீசன் ஓடுச்சு. எந்த ஊருங்கன்னு பாருங்க: ராக்ஃபோர்டு, சவுத் பெண்ட், ரசீன், கெனோஷா. நியூயார்க், சிகாகோ மாதிரி பெரிய ஊருங்க இல்ல, நம்ம பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சைஸு ஊருங்கன்னு வெச்சுக்கோங்களேன், கொஞ்சம் பெருசு. சாயங்காலம் ஃபேக்டரி விட்டா மேட்ச்சுக்கு போவாங்க. பஸ்ல வர்ற பொண்ணை காய்கறி கடைல பாத்தவன் அடுத்த நாள் மேட்ச்சுக்கு வராம எப்படி இருப்பான்?

நல்ல சேதி, இந்த 2026 சீசன்லேர்ந்து ஏயூஎஸ்எல்லும் ஊருக்கு வருது. ஆறு டீமு, சிகாகோ, டெக்ஸாஸ், யூட்டா, ஓக்லஹோமா சிட்டின்னு ஊரு பேரோட. பேண்டிட்ஸ் மறுபடியும் சிகாகோ பேண்டிட்ஸ் ஆவுது, பழைய லீக்ல ஜென்னி ஃபின்ச் ஆடுன டீமு பேரு அது. நாலு வருஷமாவது அதே ஊருல வுட்டு வைங்கப்பா, அதான் என் ஒரே வேண்டுதல்.

பொண்ணுங்களுக்கு தனி பேஸ்பால் லீக்கும் இந்த வருஷம் வருதாம். போன நவம்பர்ல டீமுங்களுக்கு ஆளு எடுக்குற டிராஃப்ட் நடந்துச்சு, மொதோ ஆளா கெல்சி விட்மோரை சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்துச்சு. கேக்க சந்தோசமா இருக்கு, பாஸ்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, நாலும் பெரிய ஊரு. ஆனா மேட்ச்சு எல்லாம் எங்க? இல்லினாய்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரே எடத்துல. செலவு மிச்சம், புரியுது. அதுக்குன்னு இப்படியா? அங்க போன வருஷம் சட்டைல ஊரு இல்ல, இங்க ஊருல ஆட்டம் இல்ல.

ஜப்பான்காரன் இதுக்கு வேற வழி வெச்சிருக்கான், எனக்கு அது ரொம்ப பிடிச்சது. டொயோட்டா, ஹோண்டா, பிக் கேமரா மாதிரி கம்பெனிங்க டீம் வெச்சு நடத்துறாங்க. உவேனோ பிக் கேமரா டீம்தான். மோனிகா அபாட்டே பல வருஷம் டொயோட்டாவுக்கு ஆடுச்சு, அமெரிக்காவுல கெடைக்காத சோறு அங்க கெடச்சது. நமக்கு இது புதுசா என்ன? ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, பேங்குன்னு ஆட்டத்தை வெச்சு வேலைக்கு எடுத்த ஊருதான இது. எங்க தெருவுலயே ஃபுட்பால் ஆடி ரயில்வேல சேந்த மாமா ஒருத்தரு இருக்காரு, ரிட்டயர்டு ஆயும் காலைல கால்ல பந்து இல்லாம நடக்க மாட்டாரு. சாஃப்ட்பால் பொண்ணுங்களுக்கு அப்படி ஒரு கதவு கொஞ்சமாவது பெருசா தொறந்தா போதும், நம்ம ஊருல லீக்கு கீக்குல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

அக்கா பொண்ணு கிட்ட நான் இதெல்லாம் பேசுனா, "சித்தி, எனக்கு ஜோனல்ல ஆட ஒழுங்கான ஷூ வாங்கிக் குடு, மொதல்ல அத பாரு"ங்குது. நியாயம்தான். ஸ்கூல்ல குடுத்த பழைய பாலு தையல் பிரிஞ்சு கெடக்குது, ஹெல்மெட்டு மூணு பேருக்கு ஒண்ணு, மாத்தி மாத்தி போட்டுக்கினு ஓடுதுங்க. கேட்டா அடுத்த வருஷம் வரும்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. பிடி மிஸ் நல்லவங்க, சொந்தக் காசுல ரெண்டு பாலு வாங்கி குடுத்திருக்காங்க.

இந்த சீசன்ல எந்த டீமுன்னு வீட்ல இப்பவே சண்டை. நான் சிகாகோ, ஃபின்ச் பேருக்காக. அக்கா பொண்ணு யூட்டா டாலன்ஸாம், ஏன்னா கப்பு அடிச்ச டீமாம். "ஜெயிக்கிற டீமுக்குத்தான் சித்தி சப்போர்ட் பண்ணணும், தோக்குற டீமை வெச்சு இன்னா பண்றது"ன்னு எனக்கே கிளாஸ் எடுக்குது. இதை சொல்லும்போது அது போட்டுக்கினு இருந்தது மஞ்ச டீ ஷர்ட்டு, 2025 ஐபிஎல்ல பத்தாவது எடத்துல கடைசியா வந்த டீமோடது. கேட்டேன். "அது வேற சித்தி, அது நம்ம ஊரு"ன்னுட்டு பாலை எடுத்துக்கினு தெருவுக்கு போயிடுச்சு, இஸ்திரி அண்ணன் வண்டிய தள்ளி வைக்க சொல்லி கத்துது.